இரண்டாவது படம்: தமிழ்த் திரையின் பெண் இயக்குநர்கள்

தமிழ் பேசும்படம் பிறந்து ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் அதை இயக்கிவிட்டார். 1931இல் 'காளிதாஸ்' படத்தில் நாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமி, தான் எழுதிய நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். குழந்தை மணம் முறிந்து நாடகக் கம்பெனிக்கு வந்தவர் அவர். நடிப்பில் ஈட்டிய பெயரும் பணமுமே அவரை இயக்குநராக்கின.

அடுத்த தலைமுறையிலும் வழி அதுதான். 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கிய நடிகை பானுமதிக்குப் பரணி பிக்சர்ஸ் என்ற சொந்த நிறுவனமும், அதன்பின் சென்னையில் ஸ்டூடியோவும் இருந்தன. பிந்தைய ஆண்டுகளிலும் அவர் படம் இயக்கினார். யாரிடமும் வாய்ப்புக் கேட்டு நிற்க வேண்டியிராததே அதற்கு முக்கியக் காரணம்.

நடிகை சாவித்திரி 1968இல் தெலுங்கில் இயக்கிய முதல் படத்திற்கு இசையமைத்தவர் பாடகி பி.லீலா. 1971இல் சாவித்திரி தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' நஷ்டத்தில் முடிந்தது. சொந்தப் படத்தால் கடனாளியான ஆண்களின் கதையைத் திரையுலகம் தொழில் நஷ்டம் என்கிறது. சாவித்திரியின் நஷ்டமோ குடும்பச் சோகமாகவே சொல்லப்படுகிறது. அவர் இயக்குநர் என்பது அந்தச் சோகத்திற்குள் மறைந்துவிட்டது.

எண்பதுகளில் நுழைவாயில் மாறியது. 1985இல் 'சின்ன வீடு' படத்திற்கு ஒளிப்பதிவு செய்த பி.ஆர்.விஜயலட்சுமி, தொழில்நுட்பத்தின் வழியே வந்து 1995இல் 'பாட்டு பாடவா' படத்தை இயக்கினார். அதே ஆண்டில் சுஹாசினியின் 'இந்திரா' வெளிவந்தது. ரேவதியின் முதல் படமான 'மித்ர்' 2002இல் தேசிய விருது பெற்ற ஆங்கிலப் படம். அடுத்து அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் இந்தியில்தான் அமைந்தன.

உதவி இயக்குநராக இருந்து மேலே வந்தவர்களிடம் இடைவெளிகளைக் கவனிக்க வேண்டும். மணிரத்னத்திடம் பணியாற்றிய சுதா கொங்கராவின் 'துரோகி' 2010இல் வந்தது. 'இறுதிச் சுற்று' 2016இல்தான். ஹலிதா ஷமீமின் 'பூவரசம் பீப்பீ' 2014இல், 'சில்லுக் கருப்பட்டி' 2019இல். பின்னர் சுதாவின் 'சூரரைப் போற்று' ஐந்து தேசிய விருதுகளை வென்றது. அத்தகைய திறமையும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது என்பதே இந்த வரலாறு சொல்லும் செய்தி.

காத்திருப்பின் வேர் தொழிலின் நடைமுறையில் இருக்கிறது. கதை விவாதம் லாட்ஜ் அறையில் நள்ளிரவைத் தாண்டும். வெளியூர்ப் படப்பிடிப்பில் நட்சத்திரத்திற்குக் கேரவன் நிற்கும். உதவி இயக்குநராக வரும் பெண்ணுக்குக் கழிப்பறையே கேள்விக்குறி. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாத நிலையை, மலையாளத் திரையுலகை ஆராய்ந்து 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கை பதிவு செய்தது. இந்தக் கட்டத்தைத் தாண்டி வருபவரிடம் தயாரிப்பாளர், "பெண்கள் சம்பந்தப்பட்ட கதையா?" என்று கேட்கிறார். ஆக்‌ஷன் படமோ பெரிய பட்ஜெட்டோ கேட்டால் தயங்குகிறார். பெண் என்ற அடையாளம் அங்கே வேலியாகிவிடுகிறது.

முதல் படம் எடுத்த பெண்களை மேடையேற்றிப் பாராட்ட நமக்குத் தெரிந்திருக்கிறது. தோற்ற ஆணுக்கு அடுத்த வாய்ப்பு கிடைப்பது இத்தொழிலின் வழக்கம். தோற்ற பெண்ணுக்கும் அதே வழக்கப்படி இரண்டாவது படம் கிடைக்க வேண்டும். தமிழ்த் திரையின் சமத்துவத்தை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.