கயிறும் கல்லும் பூவும்

தரையில் ஒரு கயிற்றைப் போடுகிறார்கள். ஒரு முனை பிறந்த நாள். அங்கிருந்து இன்றுவரைக்கும் நீட்டிவிட்டு, மிச்சத்தைச் சுருளாகவே விட்டுவிடுகிறார்கள். இனி வரப்போகும் நாட்கள் அதற்குள் கிடக்கின்றன. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ. அடிபட்ட இடத்தில் ஒரு கல்; பெரிய அடிக்குப் பெரிய கல். பிறகு ஒவ்வொரு கல்லிடமும் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்ன பார்த்தாய், என்ன சத்தம் கேட்டது, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது சொல்லும்போது எப்படி அடிக்கிறது? கேட்பவர் எழுதிக்கொள்கிறார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டுகிறார்.

ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மேகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை இது. உகாண்டாவில் அகதிகளாக இருந்த சூடானியர்களிடம் இதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆழிப்பேரலை வந்தது. அலை வடிந்த சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கில் புதிதாகப் போட்ட முகாம்களில் 31 பிள்ளைகளுக்கு இதே முறையில் சிகிச்சை தொடங்கியது. சரியாகச் சொன்னால், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும். இரு தரப்புக்கும் ஆறு அமர்வுகள்; மீதிப் பேர் அவற்றில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள்.

2009இல் வெளியான முடிவு இது: ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 விழுக்காட்டினரும் சொல்லாதவர்களில் 71 விழுக்காட்டினரும் மனவடுவிலிருந்து மீண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் அந்தப் பத்து விழுக்காடு ஒரு வித்தியாசமே அல்ல. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இல்லாததால், காலம் தானாக எவ்வளவு ஆற்றியது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை.

வாழ்க்கையைக் கதையாகச் சொல்லிப் பார், மனம் தேறும் என்கிற துறைக்கு இது சங்கடமான முடிவு. எனக்கோ அந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் தெரியவில்லை.

துறை பிறந்த ஆண்டைக் குறிக்கச் சொன்னால் 1986 என்பேன். தியடோர் சார்பின் தொகுத்த ‘கதைசார் உளவியல்’ அந்த ஆண்டுதான் வந்தது. வாதத்தால் சிந்திப்பது ஒன்று, கதையால் சிந்திப்பது இன்னொன்று என்று ஜெரோம் புரூனர் பிரித்துக் காட்டிய நூலும் அதே ஆண்டுதான். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், தங்களுக்கு நேர்ந்த மிகக் கொடிய அனுபவத்தை எழுத வைத்த ஆய்வும் அப்போதுதான் வெளியானது. நடந்ததையும் அதனால் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. பிறகு இதே போன்ற ஆய்வுகள் குவிந்தன. 2006இல் ஃபிரட்டரோலி என்ற ஆய்வாளர் 146 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டார். பலன் உண்டு, ஆனால் சிறியது.

நானும் நாலு நாள் எழுதிப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கக் குற்றப்பத்திரிகை: யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று. மூன்றாம் நாள்தான் ‘நான் ஏன் அப்போதே எழுந்து போகவில்லை’ என்ற வரி வந்தது. நலம் வந்ததா, தெரியாது, தூக்கம் வந்தது. பென்னிபேக்கர் கவனித்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளுக்கு நாள் ‘ஏனென்றால்’, ‘புரிகிறது’ போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களே அதிகம் தேறினார்கள். முதல் நாளே கோவையாக, அழகாக எழுதிவிட்டவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை.

அமெரிக்காவில் உளவியலாளர் டான் மெக்ஆடம்ஸ் மக்களை உட்காரவைத்து, உங்கள் வாழ்க்கை ஒரு நூலானால் அத்தியாயங்கள் என்ன என்று கேட்கிறார். உச்சம் எது, பாதாளம் எது, திருப்பம் எது? அடுத்த தலைமுறைக்கு உழைப்பவர்களிடம் துன்பத்தில் தொடங்கி நன்மையில் முடியும் கதைகள் நிறையக் கிடைத்தன. 2006இல் வந்த தமது நூலின் துணைத்தலைப்பிலேயே இவை அமெரிக்கர்களின் கதைகள் என்று அவர் சொல்லிவிட்டார். நூலைக் கையில் எடுத்த பலர் அட்டையைப் படிக்கவில்லை போலும்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டனும் சிகிச்சையாளர்களாகச் செய்தது வேறு. என் மனம் இவர்கள் பக்கம்தான். உள்ளாடையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகளைப் பற்றி ஒயிட் 1984இல் எழுதினார். பிள்ளையைத் திருத்த முனையாமல் பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். நம் வாயில் ‘திருட்டுக் கக்கா’ என்று வரும். அது உன்னை எப்போது ஏமாற்றுகிறது? அதை நீ ஏமாற்றிய நாள் ஏதாவது உண்டா? பிள்ளையும் பெற்றோரும் ஒரே கட்சியில் சேர்ந்து அதைத் துரத்துகிறார்கள்.

இதில் பாதி வேலையைத் தமிழ் இலக்கணமே செய்து வைத்திருக்கிறது. கோபம் எனக்கு வருகிறது, பயம் பிடிக்கிறது, கவலை அரிக்கிறது. எல்லாம் வெளியிலிருந்து வந்து போகிற விருந்தாளிகள். அதே நாவால்தான் ‘மக்கு’, ‘ஊதாரி’, ‘ராசியில்லாதவள்’ என்று ஆள்மீதே ஒட்டியும் விடுகிறோம், அது வேறு கதை. ஆனால் ஆய்வாளருக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜோனதன் ஆட்லர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 47 பேர் அது தொடங்கும் முன்னும், பிறகு ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் தங்கள் கதையை எழுதினார்கள். முதலில் கதைக்குள் ‘நான் செய்தேன்’ என்ற தொனி ஏறியது. அதன் பின்னால்தான் மனநலம் ஏறியது. துறையிலேயே மிக அழகான கண்டுபிடிப்பு இது என்பேன். இந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிற ஒருவரை அளந்தால், பாவம், அவர் கையாலாகாதவர் என்று முடிவு வரும். அவர் வெறுமனே தமிழ் பேசியிருப்பார்.

2023இல் பெஞ்சமின் ராஜர்ஸ் குழுவினர், ஜோசப் கேம்பல் புராணங்களிலிருந்து 1949இல் வரைந்த, புறப்பட்டுப் போய்ச் சோதனைகளைத் தாண்டித் திரும்பும் நாயகன் பயணத்தை ஏழு கூறுகளாக்கி, தங்கள் வாழ்க்கையை அதில் பொருத்திப் பார்த்தவர்களுக்கு வாழ்வில் அர்த்தம் கூடியதாகத் தோன்றியது என்று காட்டினார்கள். இருக்கலாம். ஆனால் மாமியாருக்குப் பத்தியக் கஞ்சி வைத்தே பதினைந்து வருடம் கழித்த ஒரு பெண் எந்தக் கடலைத் தாண்டியதாக எழுதுவார்? வாழ்க்கையைக் கதையாக உணராதவர்களும் இருக்கிறார்கள், அது குறையுமல்ல என்று தத்துவவாதி கேலன் ஸ்ட்ராசன் 2004இலேயே சண்டைக்கு நின்றார். அவர் முழுக்கச் சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முகாமில் கண்மூடி மூச்சைக் கவனித்த பிள்ளைகள் அவர் பக்கம்தான் சாட்சி சொல்வார்கள்.

கயிற்று முறையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டும்போது, பிசகான இடத்தில் சொன்னவர் நிறுத்துவார், திருத்துவார், விட்டுப்போனதைச் சேர்ப்பார். கடைசி அமர்வில் முழுவதையும் வாசித்து, கையெழுத்திட்டு, பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கயிற்றின் மிச்சம் சுருளாகவே கிடக்கிறது.