திரூப்னர் நூல்வரிசையும் தமிழும்

நூல் இயற்றியோரை உலகம் போற்றும். நூலை அச்சிட்டு விற்றோரை எளிதில் மறந்துவிடும். ஆயினும், புத்தக வணிகர் ஒருவரின் துணிவினால் ஆசியாவின் ஞானச் செல்வம் மேனாட்டாரின் கைக்கு எட்டிய வரலாறும் உண்டு. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிற் பிறந்து, இலண்டனிற் புத்தகசாலை நடத்திய நிக்கலஸ் திரூப்னர் (1817–1884) அத்தகைய வணிகராவர். அவர் 1878ஆம் ஆண்டளவில் தொடங்கிய கீழைத்தேய நூல்வரிசை, அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டு தொடர்ந்தது.

அவ்வரிசையின் சிறப்பு அதன் பரப்பிலே தங்கியுள்ளது. வேபரின் இந்திய இலக்கிய வரலாறு (1878), டௌசனின் இந்துப் புராண அகராதி (1879), யுவான் சுவாங்கின் யாத்திரைக் குறிப்புகளைச் சீனத்திலிருந்து பெயர்த்த பீலின் நூல் (1884) என்பன அதில் இடம்பெற்றன. பாரசீகமும் திபெத்தியமும் புறக்கணிக்கப்படவில்லை. அறிஞர் சிலரின் உடைமையாய் இருந்த கல்வியைப் பொதுவாசகர் விலைகொடுத்து வாங்கும் பண்டமாக்கியமை சிறிய பணியன்று.

எனினும், அவ்வரிசையில் தமிழின் இடம் யாது என வினவுதல் வேண்டும். வேபரின் நூல் இந்திய இலக்கியம் என்னும் பெயரைத் தாங்கியது. ஆனால் வேதகாலம், சமஸ்கிருத காலம் என்னும் இரு பகுதிகளோடு அமைந்துவிட்டது. பகுதியை முழுமையெனக் கொண்ட இக்குறை பெயரிலேயே தொடங்குகின்றது. அத்தலைப்பை நம்பிய மேனாட்டு மாணவன், இந்தியாவில் வேறொரு தொன்மொழி இலக்கியம் உண்டென்பதை எங்ஙனம் அறிவான்?

சைவ சித்தாந்தத்தின் நிலை இதனினும் சிந்திக்கத்தக்கது. கவெல், கஃப் என்னும் இருவர் மொழிபெயர்த்த மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் 1882இல் இவ்வரிசையில் வெளிவந்தது. அதில் சைவ தரிசனத்துக்கென ஓர் அதிகாரம் உண்டு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் ஆகம வழிநின்று விளக்கப்படுகின்றன. ஆனால் மாதவருக்கு முற்பட்ட மெய்கண்டாரை அங்கே காணுதற்கில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, 1854இலேயே அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் உருவான அம்மொழிபெயர்ப்பு சஞ்சிகையளவில் நின்றது. சர்வதரிசன சங்கிரகமோ நூல்வரிசையில் ஏறி உலகெங்கும் சென்றது.

மற்றுமொரு நூலை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். பல சமயக் கொள்கைகளை ஒருங்கு தொகுத்துரைக்கும் முயற்சி மாதவருக்குப் பன்னூறாண்டு முன்னரே தமிழில் நிகழ்ந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில், அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அவற்றை வஞ்சி நகரிற் கேட்பவள், மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்று மீண்ட மணிமேகலை. அம்மணிபல்லவம் நயினாதீவே என்பது இப்பகுதியில் நெடுநாள் வழங்கும் கொள்கை; அதனை ஏலாத ஆராய்ச்சியாளரும் உளர். தீவு எதுவாயினும், காதையின் தத்துவ மதிப்புக் குறைவதில்லை.

ஆயினும், பழி முழுவதையும் திரூப்னர்மேற் சுமத்துதல் நீதியாகாது. மணிமேகலையை உ. வே. சாமிநாதையர் அரும்பதவுரையுடன் பதிப்பித்தது 1898இலேயாம். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887இல். ஏட்டுச் சுவடியிற் கிடந்ததை இலண்டன் வணிகர் எங்ஙனம் விற்பார்? கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1875இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டவரும் அவரே. ஆதலின், அவர் தமிழை வெறுத்தார் என்பது பொருந்தாது. பதிப்பும், மொழிபெயர்ப்பும், அவற்றை எடுத்துக்காட்டுவோரும் ஒருங்கு அமையாத மொழி, வணிகரின் வரிசையில் இடம்பெறுதல் அரிது என்பதே இங்குப் பெறப்படும் உண்மை.

அவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள். அவர் 1952இல் 'தமிழ்க் கலாசாரம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற உழைத்தார். 1966இல் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். நூற்பட்டியல் வெறும் பெயர்க்கோவை எனச் சிலர் எண்ணலாம். உள்ளது எது, இல்லது எது என அறியாதார் நூல்வரிசை அமைத்தல் இயலாது.

திரூப்னர் வரிசையின் நூல்கள் 2000ஆம் ஆண்டளவில் மீண்டும் அச்சேறின. பழைய ஆராய்ச்சியோடு பழைய இடைவெளியும் மீண்டும் நூலகங்களுக்குச் சென்றது. அதனை முறையீட்டினால் நிரப்புதல் அரிது. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி தோன்றும் நாளில் அங்கே கைநீட்டி நின்றவளுக்கே அது கிட்டியது என்கின்றது காப்பியம். நல்ல பதிப்பும் நல்ல மொழிபெயர்ப்பும் ஆயத்தமாக வைத்திருக்கும் மொழிக்கே நூல்வரிசையிலும் இடம் கிட்டும்.