சாய்ந்த நிலமும் தட்டையான பாடமும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘உயரங்களும் தொலைவுகளும்’ என்ற பகுதியைப் புரட்டினால் கோபுரம், கலங்கரை விளக்கம், கப்பல் என்று வரிசையாக வரும். வடிவியல் அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுகிறது என்று காட்டுவதற்காகச் சேர்த்தவை இவை. நோக்கம் நல்லதே. ஆனால் கோணம் 30 பாகை, தூரம் இத்தனை மீட்டர் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து கொடுத்துவிடுகிறார்கள். மாணவனுக்கு மிஞ்சுவது பெருக்கலும் வகுத்தலுமே. எதை அளப்பது, எந்தத் தளத்தில் அளப்பது என்ற கேள்வி அவனுக்கு எழுவதே இல்லை. (பிதாகரஸ் என்றால் சுவரில் சாய்த்த 13 மீட்டர் ஏணி! அப்படியொரு ஏணியை எந்த வீட்டிலும் நான் கண்டதில்லை.)

மணிமுத்தாறுக்கு மேலே உள்ள மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் 8,373 ஏக்கருக்குச் சற்று மேல். தேயிலை வேலை 2024இல் நின்றுபோயிற்று. சரிவு அங்கேயேதான் இருக்கிறது. அந்தச் சரிவில் ஓர் ஏக்கர் என்றால் என்ன? நில அளவையில் பரப்பைக் கிடைத்தளத்தில் கணக்கிடுவது வழக்கம். 30 பாகைச் சரிவில் தரையோடு 100 அடி நடந்தால் வரைபடத்தில் அது 86.6 அடிதான். காகிதத்தில் ஓர் ஏக்கராக உள்ள அத்தகைய சரிவு, கூடை சுமந்து கொழுந்து பறித்தவருக்கு ஏறத்தாழ 1.15 ஏக்கர். கொசைன் கற்ற மாணவனிடம் இதை யாரும் கேட்பதில்லை.

மலைச்சரிவில் செடி வரிசைகளைச் சம உயரத்தில் நடவேண்டும். இல்லையேல் மழை மண்ணை அரித்துவிடும். இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. சம நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் இணைத்து, உச்சியிலிருந்து சம தூரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டி, தூக்குக் குண்டைத் தொங்கவிட வேண்டும். நூல் சட்டத்தின் நடுப்புள்ளியில் பட்டால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். இருசமபக்க முக்கோணத்தின் உச்சியிலிருந்து வரும் நடுக்கோடு அடிப்பக்கத்துக்குச் செங்குத்து அல்லவா? நாம் நிரூபித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்ட அதே தேற்றம்தான்!

கருவியில் பிழை இருந்தால்? பாடப் புத்தகக் கணக்கில் பிழைக்கு இடமே கிடையாது, கம்பில் உண்டு. ஏறத்தாழ மட்டமான தரையில் கருவியை நிறுத்தி, நூல் படும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளியே சரியான மட்டக்குறி. அது எப்படி என்பதை, இரண்டு மூங்கிலும் கயிறும் கல்லும் எடுத்துப் பள்ளி மைதானத்தில் செய்து பார்த்து, நீங்களே நிரூபியுங்கள்.