அண்டாவிலிருந்து கிண்ணத்துக்கு

லண்டன் கேம்டன் டவுனில் ஒரு குமாஸ்தா வீடு. வாத்துக் கறி விருந்து முடிந்து தட்டுகளை மாற்றியாகிவிட்டது. வீட்டுக்காரி மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போகிறாள். கூட யாரும் வரக் கூடாது. புட்டிங் வேகாமல் இருந்தால்? கவிழ்க்கும்போது உடைந்துவிட்டால்? எல்லோரும் வாத்தில் மும்முரமாக இருந்த நேரத்தில் எவனாவது சுவரேறிக் குதித்துத் தூக்கிப் போயிருந்தால்? 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் திருமதி கிராட்சிட் படும் இந்தப் பதற்றம், கிறிஸ்துமஸ் புட்டிங்கை வீட்டில் வேகவைத்துப் பார்த்த எவருக்கும் புதிதல்ல.

அந்தக் காட்சியில் இன்னொரு பாத்திரமும் உண்டு, சமையலறைப் பொருளில். துணி வெளுக்கும் செப்பு அண்டா. மூடியைத் திறந்ததும் கிளம்பும் ஆவியில் வெளுப்பு நாளின் வாசனை அடிக்கிறது. புட்டிங்கைக் கட்டிய துணியின் வாசனை அது. வாத்தை ரொட்டிக் கடை அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிவர வேண்டிய குடும்பம் அது. சொந்த அவன் இல்லாத வீட்டிலும் தண்ணீர் கொதிக்க ஓர் அண்டா இருக்கும். கேக் அவனுள்ள வீட்டின் பண்டம் என்றால், புட்டிங் அண்டா உள்ள வீட்டின் பண்டம். இங்கிலாந்தின் பண்டிகை இனிப்பு ஏன் வேகவைத்ததாக அமைந்தது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

‘பிளம் புட்டிங்’ என்று பெயர். உள்ளே பிளம் பழம் இருக்காது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். இதன் மூதாதை இனிப்பே அல்ல, கஞ்சி. மாட்டுக் கால் இறைச்சி வெந்த சாற்றில் உலர்திராட்சை, மசாலா, ரொட்டித் தூள் போட்டுக் கெட்டியாக்கிய பண்டிகைக் கஞ்சி. 1747இல் வந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் இந்தக் கஞ்சியும் இருக்கிறது, துணியில் கட்டி வேகவைக்கும் பிளம் புட்டிங்கும் இருக்கிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்ததுபோல. இடையில் நடந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு துண்டுத் துணி. அதற்கு முன் புட்டிங் என்றால் ஆட்டுக்குடலிலோ மாட்டுக்குடலிலோ அடைத்தாக வேண்டும். குடல் கிடைப்பதோ பிராணி அறுக்கும் நாளில் மட்டும். 17ஆம் நூற்றாண்டில் மாவு தடவிய துணி பரவியதும் புட்டிங் கசாப்புக் கடையை விட்டு அடுப்படிக்கு வந்தது.

முதலாம் ஜார்ஜ் மன்னர் 1714இல் முடிசூடிய கையோடு கிறிஸ்துமஸுக்குப் பிளம் புட்டிங் கேட்டார் என்று ஒரு கதை பத்திரிகைகளில் ஆண்டுதோறும் தலைகாட்டும். அக்காலத்து ஆதாரம் ஒன்றும் அதற்கு இல்லை. அரசர்களை இழுக்காமல் எந்தப் பலகாரத்துக்கும் பெருமை சேர்க்க முடியாது போலும்.

அச்சில் ‘கிறிஸ்துமஸ் புட்டிங்’ என்ற பெயரைச் செய்முறைக்குச் சூட்டியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் எலைசா ஆக்டன். கவிதையில் தொடங்கிச் சமையலுக்கு வந்தவர். அவருடைய நூல் 1845இல் வெளியானது. அவர் கணக்கு இது: மாவு 3 அவுன்ஸ், ரொட்டித் தூள் 3 அவுன்ஸ், மாட்டுக் கொழுப்பு 6, உலர்திராட்சை 6, கரண்ட் என்ற பொடித் திராட்சை 6, நறுக்கிய ஆப்பிள் 4, சர்க்கரை 5, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல் 2, முட்டை 3, சாதிக்காயும் சாதிபத்திரியும் சேர்ந்து அரைத் தேக்கரண்டி, ஒரு சிறு கோப்பை பிராந்தி. ஓர் அவுன்ஸ் 28 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தமே ஒரு கிலோ சொச்சம். துணியில் இறுக்கிக் கட்டி மூன்றரை மணி நேரம் வேகவைத்தால் போதும் என்றார். எடைகளைத் தனியாக எண்ணிச் சொல்லும் பழக்கமே அப்போது அரிது. ஆக்டனின் துல்லியம் இன்றைய சமையல்காரருக்கும் அப்படியே உதவும்.

பதினாறு ஆண்டு கழித்து, 1861இல், இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. அவருடைய புட்டிங் கூட்டுக் குடும்பத்துக்கானது: உலர்திராட்சை ஒன்றரை பவுண்டு, கரண்ட் அரை, பழத்தோல் அரை, ரொட்டித் தூள் முக்கால், கொழுப்பு முக்கால், முட்டை 8. மாவு கிடையாது. சர்க்கரையும் கிடையாது! இனிப்பு முழுவதையும் திராட்சையே சுமக்கிறது. ஐந்தாறு மணி நேரம் வேகவைத்து, தொங்கவிட்டுச் சேமித்து, பண்டிகையன்று இன்னும் இரண்டு மணி நேரம் கொதியில் வைக்கச் சொன்னார். பின்னால் வந்த சமையல் எழுத்தாளர் டெலியா ஸ்மித் ஆவியிலேயே 8 மணி நேரம் என்றார். ஸ்டவுட் பீரும் கருஞ்சர்க்கரையும் அவர் கணக்கில் சேர்ந்தன.

மூன்றரை, ஆறு, எட்டு. இந்த எண்களில்தான் மரபின் உண்மையான பிரிவுகள் இருக்கின்றன. சுல்தானா போடலாமா, கேரட் துருவலாமா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குகள் அதற்குப் பிறகுதான். மாவும் முட்டையும் வெந்து இறுக ஒன்றிரண்டு மணி நேரமே போதும். மீதி நேரம் நிறத்துக்கும் மணத்துக்கும். ரொட்டி சுடும்போது மேலோடு சிவப்பதற்குக் காரணமான அதே வினை, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிகழ்த்தும் மெயிலார்ட் வினை, 100 டிகிரி ஆவியில் மிக மெதுவாக நடக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் புட்டிங் பழுப்பாகும். எட்டு மணி நேரத்தில் கருங்காலிபோல் ஆகும். ‘கறுப்பாக இருந்தால்தான் அசல்’ என்று இன்று சாதிப்பவர்கள் ஆக்டனின் புட்டிங்கைக் கண்டால் வேகவில்லை என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அதில் ஆப்பிளின் புளிப்பும் பழங்களின் தனித்தனிச் சுவையும் நாக்குக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்குப் பின் எல்லாம் கரைந்து ஒரே ராகமாகிவிடும். மரபு என்பதற்காகக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை, பிடித்திருந்தால் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த பிரிவு, துணியா கிண்ணமா என்பது. 1805இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரத்தில் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலகத்தையே ஒரு பிளம் புட்டிங்காக வெட்டிப் பங்குபோடுகிறார்கள். உலக உருண்டையாக வரைய முடிந்ததே புட்டிங் அப்போது துணிமூட்டையாக, உருண்டையாக இருந்ததால்தான். துணிக் கட்சிக்கு இன்றும் கோட்டை ஸ்காட்லாந்து. அங்கே ‘குளூட்டி டம்ப்ளிங்’ என்பார்கள்; ‘குளூட்’ என்றால் துணி. கொதிநீரில் முக்கிப் பிழிந்த துணியில் தாராளமாக மாவைத் தூவி, கலவையை வைத்து, உப்புவதற்குக் கொஞ்சம் இடம்விட்டுக் கட்டுவார்கள். நீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் உள்ளே இறக்க வேண்டும். அப்போதுதான் மாவு உடனே வெந்து தோலாகி, தண்ணீர் புகாமல் தடுக்கும். வெந்தபின் கணப்பின் முன்னோ மிதமான அவனிலோ காட்டி அந்தத் தோலை உலர்த்துவார்கள். தோல் இல்லாத டம்ப்ளிங்கை ஸ்காட்லாந்துப் பாட்டிகள் டம்ப்ளிங் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இட்லித் துணி பழகிய கைகளுக்கு இதில் ஒரு விதி உடனே புரியும்: அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது.

கிண்ணக் கட்சியார் தோலைத் துறந்தவர்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஈரம் குறையாத உடலும், கவிழ்த்தால் குலையாத வடிவமும், நிம்மதியும். திருமதி கிராட்சிட்டின் பயங்களில் பாதியைப் பீங்கான் கிண்ணம் தீர்த்துவிட்டது.

கொழுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்புக்கு சூயட் என்று பெயர். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். சூயட் உருக 45 டிகிரிக்கு மேல் வேண்டும். சுற்றிலும் மாவு இறுகத் தொடங்கும்வரை அதன் துணுக்குகள் கரையாமல் நின்று, பிறகு உருகும்போது சின்னச் சின்ன இடைவெளிகளை விட்டுப்போகும். இத்தனை பழம் சுமந்தும் புட்டிங் செங்கல்லாகாமல் இருப்பது அதனால்தான். முன்பெல்லாம் கசாப்புக் கடையிலிருந்து வாங்கி, சவ்வு நீக்கி, மாவு தூவிக் கொத்த வேண்டும். 1893இல் மான்செஸ்டரில் தொடங்கிய அடோரா நிறுவனம் அதைத் துருவிப் பெட்டியில் அடைத்து விற்று அந்த வேலையை ஒழித்தது. மாட்டுக் கொழுப்பு வேண்டாதவர்களுக்குப் பாமாயில் சேர்ந்த சைவ சூயட்டும் கடையில் உண்டு. அதுவும் கிடைக்காத ஊரில் வெண்ணெயை உறையவைத்துத் துருவிப் போடலாம். கொஞ்சம் அடர்த்தியாக வரும், குடிமுழுகிப் போகாது.

பொருள் பட்டியலை அரசியலாக்கிய ஆண்டு 1927. பேரரசின் பொருள்களை வாங்குங்கள் என்று பிரசாரம் செய்துவந்த எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலைமைச் சமையற்காரர் ஹென்றி செடார்டிடம் ஒரு செய்முறை வாங்கி நாடெங்கும் பரப்பியது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பேரரசிலுள்ள ஒரு நாட்டின் பெயர்: ஆஸ்திரேலியத் திராட்சை, ஜான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம். பட்டைக்கு எதிரே இந்தியா அல்லது இலங்கை. பிரிட்டிஷ் பேரரசைப் புகழும் புட்டிங்குக்குக் கைப்பக்குவம் தந்தவரின் பெயரிலோ பிரான்ஸ் மணக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்தப் பட்டியல் உதிர்ந்தது. உலர்பழம் பங்கீட்டில், முட்டைக்குப் பதில் முட்டைப்பொடி, இனிப்புக்கும் ஈரத்துக்கும் துருவிய கேரட்டும் உருளைக்கிழங்கும். பஞ்சத்துக்கு வந்த கேரட் பல வீடுகளில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது, அதுவும் ருசிக்காக.

போர் முடிந்த கையோடு, 1946இல், ஆங்கிலச் சமையலைப் பற்றி எழுதச் சொல்லி பிரிட்டிஷ் கவுன்சில் ஜார்ஜ் ஆர்வெல்லைக் கேட்டது. அவர் எழுதினார், கிறிஸ்துமஸ் புட்டிங் செய்முறையும் அதில் இருந்தது. பங்கீட்டுக் காலத்தில் விருந்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எண்ணியோ என்னவோ, கவுன்சில் வெளியிடவில்லை. 2019இல்தான் வருத்தம் தெரிவித்தது.

கலக்கும் நாளுக்கும் சடங்கு உண்டு. திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, ‘ஸ்டிர்-அப் சண்டே’. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அன்று சொல்லும் மன்றாட்டின் முதல் சொற்கள் ‘கிளறிவிடும்’ என்ற பொருளில் தொடங்கும். மன்றாட்டு கேட்டது விசுவாசிகளின் மனத்தைக் கிளறும்படி. வீட்டுப் பெண்களின் காதில் விழுந்தது புட்டிங். குடும்பத்தில் ஒவ்வொருவரும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்றுக் கிளற வேண்டும், கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் நினைவாக. பொருள்கள் 13 இருக்க வேண்டும், இயேசுவுக்கும் பன்னிரு சீடர்களுக்குமாக. ஆக்டனிடம் பிராந்தி, உப்பு எல்லாம் சேர்த்து எண்ணினால் கணக்கை ஒருவாறு ஒட்டவைக்கலாம். பீட்டனிடம் ஏழுதான் தேறும்.

உள்ளே ஒரு வெள்ளி நாணயமும் போவதுண்டு, கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். ஆறு பென்ஸ் நாணயத்தில் 92.5 சதவீதம் இருந்த வெள்ளி 1920இல் பாதியானது, 1947இல் அறவே போனது. ஆகவே பழைய நாணயத்தைப் பொத்திவைத்து ஆண்டுக்கொருமுறை எடுக்கும் வீடுகள் உண்டு. விழுங்கினவர் கையில் அது கிடைக்க இன்னும் ஒருநாள் ஆகும் என்பதால், இப்போது பலர் பரிமாறும்போது துண்டின் அடியில் செருகுகிறார்கள். அகதா கிறிஸ்டியின் 1960ஆம் ஆண்டுக் கதையொன்றில் துப்பறியும் பொய்ரோ கலந்துகொள்ளும் விருந்தில், வீட்டுக்காரக் கர்னலின் துண்டில் கிடைப்பது நாணயமல்ல, மாணிக்கக் கல்.

இனி அடுப்படி. பழங்களைப் பிராந்தியிலோ ஸ்டவுட்டிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மற்றதைச் சேர்க்கலாம். ஆக்டன் அளவுக்கு ஒன்றேகால் லிட்டர் கிண்ணம் சரி. வெண்ணெய் தடவி, முக்கால்வாசிக்குச் சற்று மேல் நிரப்பி, பட்டர் பேப்பரையும் அலுமினியத் தாளையும் சேர்த்து நடுவில் ஒரு கொசுவம் வைத்து மூட வேண்டும். புட்டிங் எழும்பக் கொசுவம் விரிந்துகொடுக்கும். விளிம்பில் நூலால் இறுக்கி, அதே நூலில் குறுக்கே ஒரு கைப்பிடி. பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாதி உயரத்துக்குக் கொதிநீர். வற்ற வற்ற ஊற்றுவதும் கொதிநீராகவே இருக்கட்டும். குக்கரில் வைப்பவர்கள் முதல் 15 நிமிடம் வெயிட் போடாமல் ஆவியில் விட வேண்டும். போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறினால் புட்டிங் எழும்பாது. பிறகு மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடியும், தண்ணீர் போதுமா என்ற கவலை ஒன்றுதான்.

ஆறியதும் ஈரத் தாளை எறிந்து புதுத் தாள் கட்டி, குளிர்ச்சியான இருட்டு அலமாரியில் வைக்கலாம். பழத்தின் சர்க்கரையும் சாராயமும் கெடாமல் காக்கும். ஆறு வாரம் வைப்பது பொது வழக்கம், ஓராண்டு வைப்பது பிடிவாதக்காரர் வழக்கம். நமது புழுக்கத்துக்கு ஃப்ரிட்ஜே நல்லது.

பண்டிகையன்று மீண்டும் இரண்டு மணி நேரம் ஆவி, பிறகு தட்டில் கவிழ்ப்பு. பிராந்தியை அப்படியே ஊற்றித் தீக்குச்சி கிழித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். எரிவது திரவமல்ல, ஆவி. கரண்டியில் கொஞ்சம் சூடாக்கி, தீயைத் தொட்டுவிட்டுப் பின் ஊற்றினால் நீலச்சுடர் தானே இறங்கி ஓடும். உச்சியில் செருகும் ஹாலி இலைக் கொத்தின் சிவப்புப் பழம் நஞ்சு, குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் பிராந்தி வெண்ணெயா கஸ்டர்டா என்பது இன்னொரு வழக்கு; கம்பர்லாந்துக்காரர் ரம் வெண்ணெய் என்பார்.

மிச்சத்தை மறுநாள் காலை விரல் பருமன் துண்டுகளாக்கி, வாணலியில் வெண்ணெய் விட்டு இருபக்கமும் முறுகப் பொரித்துத் தின்பார்கள். இதற்காகவே பெரிய கிண்ணமாகப் பார்த்து வைப்பவர்களும் உண்டு.