இரண்டு வெடிப்புகள்

கஷ்டகாலத்தில் மரத்தைப் பார், நதியைப் பார், எறும்பைப் பார் என்று சொல்லும் புத்தகங்கள் தமிழில் நிறைய வருகின்றன. மூங்கில் வளையும், ஒடியாது. விதை இருட்டில் கிடந்துதான் முளைக்கும். நீயும் அப்படி இரு. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காரியாபட்டிப் பக்கம் இருந்துகொண்டு இதைப் படிக்கிற ஆளுக்கு ஒரு சந்தேகம் வரும். தலைமுறை தலைமுறையாக வானம் பார்த்த பூமியோடு மல்லுக்கட்டின ஜனங்கள் இயற்கையிடம் இதே பாடத்தைத்தான் படித்தார்களா? பதில் தேட நமக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. கரிசல் எழுத்து.

காரியாபட்டி விருதுநகர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வரைக்கும் மண்ணும் பிழைப்பும் ஏறக்குறைய ஒரே ஜாடை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் வருஷத்தைத் தீர்மானிக்கும். அது ஏமாற்றினால் கண்மாய் ஏமாற்றும், கண்மாய் ஏமாற்றினால் கிணறும் கைவிடும்.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு என்றால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மேல்மண் அதற்குள் சரியும், முதல் மழையும் அதன் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்கும். தன்னம்பிக்கைப் புத்தகக்காரர் கையில் இது கிடைத்தால் விடமாட்டார்: “உன் விரிசல் வழியாகத்தான் உனக்குள் மழை இறங்குகிறது.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கரிசலில் வீடு கட்டுகிறவன் என்ன செய்கிறான்? கரிசலைத் தோண்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு, மணலோ சரளையோ நிரப்பித்தான் அஸ்திவாரம் எழுப்புகிறான். காட்டுக்கு வரமாக இருக்கிற வெடிப்பு சுவருக்குச் சாபம். எதை எங்கே ஏற்பது, எதை எங்கே தோண்டி எறிவது என்ற விவரம்தான் அறிவு. உவமையில் இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது.

புழுதி விதைப்பை எடுத்துக்கொள்வோம். மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு சம்சாரி வானத்தைப் பார்ப்பான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது நம்பிக்கையின் உச்சம். பக்கத்தில் போய்ப் பார்த்தால், அது கணக்கு. அரைகுறைத் தூறல் விழுந்து முளை கருகினால் மறுவிதைப்புக்கு வீட்டில் விதை இருக்கணும். ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும் என்று பருத்தியோடு உளுந்தோ பாசிப்பயறோ கலந்து போட்டிருக்கணும். அம்புட்டும் போனால் கடன் தர ஒரு மச்சினனோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருக்கணும். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் நாம் “மனத்திடம்” என்று பெயர் வைக்கிறோம்.

*

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படிக்கலாம். பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடுகிற ஒரு பழைய கதவு. தகப்பன் மணிமுத்தாற்றுக்கு வேலை தேடிப் போயிருக்கிறான். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன்பிறகு வாடைக்காற்று வருகிறது. வீட்டில் இருந்த கைக்குழந்தை செத்துப்போகிறது.

கி.ரா. காற்றைத் திட்டவில்லை. வாடை கார்த்திகையில் அடிக்கத்தான் செய்யும். அதற்கு எதிரே என்ன இருந்தது, அதை யார் எடுத்துக்கொண்டு போனது என்பதுதான் கதை. அந்தத் தாயிடம் போய் “புயலில் நிற்கும் பனைமரத்தைப் பார் அம்மா” என்று யாராவது சொல்ல முடியுமா? அவளுக்கு வேண்டியது ஒரு கதவு. கரிசல் இலக்கியம் முழுவதற்கும் இந்தக் கதையை ஒரு அளவுகோலாக வைக்கலாம் என்பது என் எண்ணம்: தாங்கும் சக்தியைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் கதவு எங்கே என்று கேட்கணும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னொரு கோணம். ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிற பையன் சிதம்பரமும் அவனுடைய அய்யாவும் எட்டு நாள் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். 2019-இல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ ஆக்கினபோது ரத்தமும் ஆவேசமும் முன்னுக்கு வந்தன. நாவலில் பெரும்பகுதி வேறு விஷயம்: எங்கே படுப்பது, எங்கே தண்ணி கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்பது, எந்தப் பாதையில் நடந்தால் கண்ணில் படமாட்டோம். காடு அவர்களைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அய்யா இல்லாமல் அந்தக் காடு சிதம்பரத்துக்கு வெறும் முள்ளும் வெயிலும்தான். அய்யா உபதேசம் பண்ணுவதில்லை. அவர் செய்கிறார், பையன் பார்க்கிறான். இயற்கை என்கிற வாத்தியார் தனியாக வருவதில்லை, எப்போதும் ஒரு மனுஷனோடுதான் வருகிறார். அப்புறம், கடைசியில் அந்த இரண்டு பேரும் காட்டிலேயே தங்கிவிடுவதில்லை. சரணடைய கோர்ட்டுக்குப் போகிறார்கள். நியாயத்தைக் காடு தராது, ஊரும் சட்டமும்தான் தரணும், தராவிட்டாலும் அங்கேதான் கேட்கணும் என்று பூமணிக்குத் தெரியும்.

சோ. தர்மனின் ‘சூல்’ (2016) இதையே ஒரு ஊர் அளவுக்கு விரிக்கிறது. உருளைக்குடிக் கண்மாய்தான் அங்கே நாயகன். நிறைந்த கண்மாயைச் சூல்கொண்ட தாயாகப் பார்க்கிற தலைப்பு. வறட்சியைத் தாங்கிய ஊர் என்றால், கரம்பை அள்ளின ஊர், மடையைக் கவனித்த ஊர் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் அற்றுப்போனதும் கண்மாயும் போகிறது, கூடவே ஜனங்களின் தெம்பும் போகிறது. 2019-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய இந்த நாவலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய காலத்தின் மேல் தர்மனுக்கு இருக்கிற வாஞ்சை, அந்தக் காலத்தில் யார் உழைத்தார்கள், யார் தண்ணியை முதலில் வாங்கினார்கள் என்ற கேள்வியைச் சில இடங்களில் மென்மையாக்கிவிடுகிறது. ஆனாலும் தெம்பை மனசுக்குள் தேடாமல் மடையில் தேடிய விதத்தில் இது முக்கியமான நாவல்.

*

இயற்கையிலிருந்து பாடம் எடுக்கிறவர்கள் ஏன் சீமைக்கருவேலத்தை எடுப்பதில்லை? உறுதி என்றால் அதுதான் உறுதி. எந்த வறட்சியும் அதை ஒன்றும் செய்வதில்லை. வெட்டினால் தழைக்கும், வேர் ஆழம் போகும், வாங்கித் தின்ன ஆடே விதையைப் பரப்பும். கண்மாய்க்குள் புகுந்தால் கண்மாயே அதுதான். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக்கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் எத்தனையோ குடும்பம் பஞ்சத்தில் கஞ்சி குடித்தது என்பதும் நினைவிருக்கும். இதில் எது பாடம்? பிழைத்துக்கிடப்பது மட்டுமே பெருமை என்றால் பனையைவிடக் கருவேலம்தான் நமக்குக் குரு. அந்த இடத்தில் நாம் தயங்குகிறோம். தயக்கத்துக்குக் காரணம், பக்கத்தில் ஒன்றை வாழவிடாத உறுதியை நாம் உறுதி என்று ஒப்புக்கொள்வதில்லை. அப்படியானால் பாடம் மரத்தில் இல்லை. நாம் ஏற்கெனவே நல்லது என்று நினைத்ததை மரத்தில் ஏற்றி, பிறகு மரமே சொன்னதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இது வெறும் இலக்கியச் சண்டை இல்லை. மழை குறைவு, காய்ந்த காற்று என்ற அதே இயற்கைதான் 1920-களுக்குப் பிறகு சிவகாசி வட்டாரத்தைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதான இடமாக்கியது. விளைச்சல் இல்லாத காடு ஆலைக்கு ஆள் அனுப்பியது. பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தில் காட்டியது இந்தப் பாதையைத்தான். வெடிப்பு என்ற சொல்லுக்கு இங்கே இரண்டாவது அர்த்தம் வந்தது அப்படி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 மே 1, உழைப்பாளர் தினத்தன்று, காரியாபட்டி பக்கம் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்து வெடித்துத் தொழிலாளிகள் சிதறிப்போனார்கள்.

இந்த வீடுகளுக்கும் துக்கம் கேட்கப் போகிறவர்கள் “மனசைத் திடப்படுத்திக்கோ தாயி” என்று சொல்லத்தான் செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்கிற அந்த வார்த்தைக்கு மரியாதை உண்டு. அது ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குக் கொடுக்கிற தோள். அதே வார்த்தை மேடையிலிருந்து, புத்தகத்திலிருந்து, பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து வரும்போது அர்த்தம் மாறிவிடுகிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கணும், இவ்வளவு மருந்துதான் இருக்கணும், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேணும் என்பதெல்லாம் விதி. அந்த விதிகள்தான் இவர்களுடைய கதவு. அதைக் கழற்றிக்கொண்டு போனவர்களே வாடையைத் தாங்கச் சொல்லிக்கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது.

காட்டைப் பற்றி எழுதின அளவுக்கு, மருந்து நெடிக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து திரி கிள்ளுகிற பெண்ணின் உள்ளத்தைக் கரிசல் எழுத்து இன்னும் நெருங்கிப் பார்க்கவில்லை என்பதும் என் வாசிப்பு. சம்சாரிக்கு வானமும் மண்ணும் மொழி கொடுத்தன, எழுத்தாளர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். அந்தப் பெண் எதைப் பார்த்துத் தெம்பு கொள்கிறாள்? வேப்பமரத்தையா, கூட வேலை பார்க்கிற மதினியையா, சனிக்கிழமைச் சம்பளத்தையா? அதை அவள் வாயால் கேட்கிற ஒரு நாவல் வந்தால், இயற்கையிடம் கற்பது பற்றி நாம் இதுவரை பேசினதெல்லாம் பாதிதான் என்று தெரியவரும்.