ஒரு தப்புக் கணக்கும் பதினேழு டீச்சர்களும்

யாரிடமாவது சொல்லியே ஆகணும். இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிற நான், கொச்சி தோப்பும்படியில் ஒரு சனிக்கிழமை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, சந்தோஷத்தில் கை தட்டினேன்!

கேரளத்தில் இதை கிளஸ்டர் என்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பாடம் எடுப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம். நம்மூர் குறுவள மையக் கூட்டத்துக்கு உடன்பிறப்பு. 1994இல் தொடங்கிய டி.பி.இ.பி. எனும் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் போட்ட விதை. சிநேகிதர் ஒருவர் கூட்டிப்போனார். மின்விசிறி ஓடவில்லை, ஒரே புழுக்கம். அதெல்லாம் ஒரு குறையா!

ஒரு டீச்சர் எழுந்து, பிள்ளை ஒன்றின் நோட்டைப் பிரித்து, பலகையில் எழுதினார்: 1/3 + 1/4 = 2/7. "என் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள், எனக்குத் திருத்தத் தெரியவில்லை" என்றார். நினைத்துப் பாருங்கள், பதினாறு சக ஆசிரியர்கள் முன்னால், கூச்சமே இல்லாமல்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் திருவிழா. பின்பெஞ்சிலிருந்து ஒரு மாஷ், அதாவது வாத்தியார், "பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கு டீச்சர்" என்றார். பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம் இல்லையா, அவருக்கு உதாரணம் அங்கிருந்தே வந்தது: ஒரு கூடையில் மூணு மீன், அதில் ஒண்ணு அயிலை, இன்னொண்ணில் நாலு மீன், அதிலும் ஒண்ணு அயிலை, ரெண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ஏழில் ரெண்டு அயிலைதானே! அடடா, இருபது வருஷமாக நான் சிவப்பு மையால் அடித்த அத்தனை 2/7-க்குள்ளும் இப்படி ஒரு கூடை இருந்திருக்கே என்று நான் வாயைப் பிளக்க, இன்னொரு டீச்சர் "ஆனால் 2/7 என்பது 1/3-ஐ விடச் சின்னது, கூட்டினால் குறையுமா என்று பிள்ளையிடமே கேட்போம்" என்று குதிக்க, மூன்றாமவர் ஒரே தாளை இப்படி மூணாக, அப்படி நாலாக மடித்து விரிக்க, பன்னிரண்டு கட்டங்கள்! மூணில் ஒரு பங்கு நாலு கட்டம், நாலில் ஒரு பங்கு மூணு கட்டம், ஆக ஏழு, 7/12! கூடை ரெண்டு, தாள் ஒண்ணு, அதுதான் வித்தியாசம்! அறை முழுக்கக் காகிதச் சரசரப்பு, ஆளாளுக்கு மடிக்கிறார்கள், நானும் மடிக்கிறேன், மேஜையில் பழம்பொரி ஆறுகிறது, தொட ஆளில்லை!

ஜப்பானில் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துப் பிறகு கூடிப் பேசுவார்கள். 'ஜுகியோ கென்க்யூ' என்று பேர். படித்தபோது பெருமூச்சு விட்டிருக்கிறேன். அதே ருசி இங்கே, ரயில் போகிற தூரத்தில்!

மடித்த தாள் இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அடுத்த கிளஸ்டருக்குத் தசமப்புள்ளி நோட்டுகள் வருமாம். அன்று ராத்திரியே டிக்கெட் போட்டுவிட்டேன்.