சாம்பு முதல் ரமணி வரை

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பங்குனி, சித்திரையில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் ஏதாவது ஓர் ஊரில் இன்றைக்கும் ராத்திரி நாடகம் உண்டு. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடைக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்துவிடுவார். ஸ்பெஷல் நாடகத்தில் நடிப்பவர்கள் ஒரே குழுவினராக இருப்பதில்லை. ஆளுக்கோர் ஊரிலிருந்து வருவார்கள். பல நேரம் மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்து வைத்த பாட்டும் தர்க்கமும் அவர்களைக் கோத்துவிடும். பபூனுக்கு அந்தப் பாடமும் கிடையாது. டான்ஸ்காரப் பெண்ணோடு மல்லுக்கு நின்று, தோற்று, மறுபடி வம்பிழுத்து, ஊர்ப் பெரியவர்கள் பெயரை நடுவே இழுத்துவிட்டு, கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நேற்று ராத்திரி பக்கத்து ஊர் மேடையில் வாங்கிய அடி இன்றைக்கு அவருக்கு நினைவிருக்காது. நினைவிருக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

வாராவாரம் நம் வீட்டுக்குள் வரும் தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. போன வாரம் அவர் என்ன சொன்னார், யாரிடம் மாட்டிக்கொண்டார், எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதெல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. அவருக்கும் நினைவிருக்க வேண்டும்.

எங்கள் மதினி பயராபீஸ், அதாவது பட்டாசு ஆலை, வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி, குளித்து, உலை வைத்த பிறகுதான் டிவி முன்னால் உட்காருவார். அப்போதும் கை பூண்டையோ வெங்காயத்தையோ உரித்துக்கொண்டிருக்கும். தொடரில் வரும் ஒருத்தி தன் இயல்புக்கு மாறாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், நிமிராமலே கேட்பார்: "அவ அப்படிப் பேசுற ஆளே கிடையாதுல்ல?" பாத்திரப் படைப்பைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடக் கறாராகப் பேசியதில்லை. பாத்திரம் வளரட்டும், மாறட்டும், கல்யாணம் பண்ணட்டும், பணக்காரராகட்டும். 'அப்படிப்பட்ட ஆளே கிடையாது' என்று பார்ப்பவர் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

தமிழில் இதை மிக அழகாகச் செய்து காட்டியவர் தேவன். தொலைக்காட்சி நம் ஊருக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, 1940களில், ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு'வை எழுதினார். ஒவ்வொரு கதையும் தனியாக முடியும். ஆள் மட்டும் தொடர்ந்து வருவான். இன்று நாம் சிட்காம் என்று சொல்கிறோமே, அதன் இலக்கணம் முழுவதும் அங்கே இருக்கிறது. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. நாற்பது வயது வரைக்கும் அசடு என்ற பெயரைத் தவிர வேறெதையும் சம்பாதிக்காதவன். தற்செயலாக ஒரு குற்றம் அவன் கையால் துலங்குகிறது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் மற்றொன்று. பேர் பரவுகிறது, வேம்பு மனைவியாக வருகிறாள், இன்ஸ்பெக்டர் கோபாலன் நண்பராகிறார். ஐம்பது கதைகள் முடிவதற்குள் அவன் வாழ்க்கை அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. மூளை மட்டும் முதல் கதையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான் மறுபடி மறுபடி ரசிப்பது இந்த ஏற்பாட்டைத்தான். சாம்பு பயத்தில் உளறும் ஒரு வார்த்தை, தடுக்கி விழும் ஓர் இடம், தப்பித்து ஓடப் பார்க்கும் ஒரு திசை: இவற்றில் ஏதாவது ஒன்று குற்றவாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோபாலன் அதைப் பெரிய மேதைமையாக வாசித்துக்கொள்வார். வளர்வது சாம்புவின் அறிவு இல்லை. அவனைப் பற்றி ஊர் வைத்திருக்கும் மதிப்பு. அசட்டுச் சிரிப்பை ஆரம்பத்தில் அலட்சியமாகப் பார்த்தவர்கள், புகழ் வந்த பிறகு அதே சிரிப்பில் ஆழம் இருப்பதாக நம்புகிறார்கள். தேவன் நினைத்திருந்தால் பத்தாவது கதையிலோ இருபதாவது கதையிலோ சாம்புவை உண்மையிலேயே புத்திசாலி ஆக்கியிருக்கலாம். அனுபவம் ஒருவனைக் கூர்மையாக்கும் என்று காரணமும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சாம்பு செத்திருப்பான். அவனைச் சுற்றி எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு அவனை மட்டும் அசையாமல் நிறுத்திய அந்தக் கட்டுப்பாடு சாதாரண எழுத்தாளருக்கு வராது. பின்னாளில் காத்தாடி ராமமூர்த்தி தூர்தர்ஷனில் சாம்புவாக வந்தபோதும் பார்வையாளர்கள் உடனே ஒட்டிக்கொண்டதற்கு, எழுத்திலேயே அந்த ஆள் அவ்வளவு உறுதியாக நின்றதும் ஒரு காரணம்.

அப்புசாமி–சீதாப்பாட்டி கதை வேறு. 1963இல் குமுதத்தில் பாக்கியம் ராமசாமி தொடங்கிய அந்தத் தம்பதிக்கு அன்றும் கிழ வயது, அரை நூற்றாண்டு கழித்தும் அதே கிழ வயது. காலம் நகர்கிறது, புதுப்புதுக் கருவிகள் வீட்டுக்குள் வருகின்றன, பாட்டியின் ஆங்கிலமும் தாத்தாவின் பொடி மட்டையும் அப்படியே. வளர்ச்சி என்பதே இல்லை என்று முதல் கதையிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார் ஆசிரியர். கடைசி வரைக்கும் அதை மீறவில்லை. சீர்மைக்கு இதுவும் ஒரு வழி.

கிரேஸி மோகன் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மாது, சீனு, ஜானகி, மைதிலி என்று நாடகத்துக்கு நாடகம் பெயர்கள் தொடரும், கதை தொடராது. ஒவ்வொரு முறையும் மாது புதிதாகப் பிறந்து புதிதாகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். 1979இல் கிரேஸி கிரியேஷன்ஸ் தொடங்கியதிலிருந்து மாது பாலாஜி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே வயதேறினார். எழுத்தில் வளராத மாது நடிகரின் உடம்பில் வளர்ந்தான். இளமைத் துடிப்பில் சொன்ன பொய்யும், நரை தட்டிய பிறகு 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கடவுளையே எதிரே வைத்துக்கொண்டு படுகிற அவஸ்தையும் ஒரே மனிதனுடையவை என்று சபையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். அண்ணன் மோகன் 2019இல் மறைந்த பிறகும் தம்பி பாலாஜி மாதுவாகவே மேடையேறியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொலைக்காட்சிக்கு வந்தால்தான் எனக்கு வருத்தம். சன் டிவியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் எம்.எஸ். பாஸ்கர் செய்த பட்டாபியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. இன்றும் அவரைப் பட்டாபி என்றே கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகத்தின் ஒவ்வொரு தசையையும் தனியாக ஆட்டத் தெரிந்த அந்த நடிகர் கையில், பட்டாபி வந்து நின்றாலே வீடு சிரிக்கும். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கடந்த காலத்தையும் ஒரு நாளையையும் சேர்த்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கான விடையை 2023இல் 'பார்க்கிங்' படம் தந்தது. அதில் அவர் பத்தாண்டுகளாக ஒரே வாடகை வீட்டில் சிக்கனமாகக் குடியிருக்கும் அரசு அதிகாரி இளம்பரிதி. மாடிக்குக் குடிவந்த இளைஞன் வாசலில் கார் நிறுத்துகிறான். இவருடைய பைக்கை எடுக்க வைக்க இடைஞ்சல். ஒரு கீறல், ஒரு சொல், ஒரு முறைப்பு. பைசா பைசாவாகச் சேர்த்த மனிதர், அந்த இடத்தைப் பிடிப்பதற்காகவே ஒரு கார் வாங்கிவிடுகிறார். சிக்கனக்காரர் கார் வாங்குவது இயல்புக்கு மாறானதுதானே? ஆனால் பார்க்கிற யாரும் 'அப்படிப்பட்ட ஆளே கிடையாது' என்று சொல்ல மாட்டோம். இத்தனை நாள் காசை இறுக்கிப் பிடித்த அதே பிடிவாதம் இப்போது இடத்தை இறுக்கிப் பிடிக்கிறது. முந்தைய காட்சியை அடுத்த காட்சி மறக்கவே இல்லை. அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தபோது பட்டாபியைத்தான் நினைத்துக்கொண்டேன். நடிகர் அன்றும் இதே நடிகர்தான். எழுத்து அவரை இவ்வளவு தூரம் அழைத்துப் போகவில்லை.

எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தினத்தொடர் என்பது நாளுக்கு ஓர் எபிசோடு கேட்கும் அடுப்பு. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர். நடுவழியில் வசனகர்த்தா மாறுவார், இயக்குநர் மாறுவார், 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டையோடு மருமகளே மாறுவாள். பாத்திரம் போன மாதம் எதற்குப் பயந்தது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். பல தொடர்களைப் பார்க்கும்போது அப்படி ஓர் ஆள் இருந்ததாகவே தெரிவதில்லை. கொடுமைக்கார மாமியார் வெள்ளிக்கிழமை அழுது திருந்துவார், திங்கட்கிழமை பழையபடி விஷம் வைப்பார். திருந்தியதும் நம்பும்படி இல்லை, கெட்டதும் நம்பும்படி இல்லை.

சறுக்கல் வேறு, மறதி வேறு. 'ஃபிரெண்ட்ஸ்' பார்த்தவர்கள் சாண்ட்லரை யோசித்துப் பாருங்கள். பெற்றோர் பிரிந்த சின்ன வயதுக் காயத்தை மறைக்கக் கிண்டல் பேசியே வளர்ந்தவன், உறவு என்றாலே நடுங்குகிறவன். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மோனிகாவிடம் நெருங்கி, கல்யாணம் வரைக்கும் வருகிறான். கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. பிறகு அவனும் திரும்பி வருகிறான். அந்த ஓட்டம் இல்லாமல் மாலையும் கழுத்துமாக நேரே வந்து நின்றிருந்தால் நான் அந்தக் கல்யாணத்தை நம்பியிருக்க மாட்டேன். அதே தொடரில் ஜோயிக்கு நடந்தது அநியாயம். ஆரம்பத்தில் அவன் உலக ஞானமுள்ள, பேச்சுச் சாமர்த்தியம் நிறைந்த ஆள். படிப்பு மட்டும்தான் குறைவு. பத்தாவது பருவத்தில் பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லக்கூட முடியாதவனாக ஆக்கிவிட்டார்கள். சிரிப்பு வந்தது, ஆள் போய்விட்டான்.

அண்டை மொழிகளில் பார்த்தால், இந்தியில் 2008இல் தொடங்கிய 'தாரக் மேத்தா'வின் ஜேட்டாலால் அப்புசாமி வழியில் நிற்கிறார். மலையாளத்து 'உப்பும் முளகும்' எதிர்த் திசையில் போனது. கதைக்குள் பிறந்த கடைக்குட்டி பாறுக்குட்டி, கேமரா முன்னாலேயே தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கினாள். குழந்தை வளர்வதை எந்த வசனகர்த்தாவும் தப்பாக எழுத முடியாது. அந்த நிஜம் பாலு, நீலு உள்பட வீட்டிலிருந்த எல்லாரையும் நம்ப வைத்தது.

நம் மொழியில் இதற்கு ஈடாக நான் வைப்பது 'ரமணி vs ரமணி'யைத்தான். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. இயக்கியவர் நாகா, 'மர்மதேசம்' எடுத்து ஊரையே நடுங்க வைத்த அதே நாகா. 1998இல் முதல் பாகம். ராம்ஜியும் வாசுகியும் கணவன் மனைவி. இரண்டாம் பாகத்தில் பப்லு பிருத்விராஜும் தேவதர்ஷினியும். தலைப்பே இரண்டு பக்கமும் ஒரே பெயரை நிறுத்தித் தராசைச் சமமாகப் பிடிக்கிறது. வில்லி கிடையாது, சதி கிடையாது. வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் நடக்கும் சின்னச் சின்ன இழுபறிதான் கதை. மாமியார் கொடுமையும் பழிவாங்கலும் நிறைந்திருந்த தொலைக்காட்சியில், சண்டை போடுகிற இருவரையும் ஒரே அன்போடு பார்த்த தொடர் அது.

பிறகு 2022இல் ஆஹா தளத்தில் மூன்றாம் பாகம் வந்தது. அதே நாகா, அதே ராம்ஜி, அதே வாசுகி. நடுவில் 24 ஆண்டுகள். இப்போது அது பிள்ளைகளும் வயதான அம்மாவும் இருக்கும் வீடு. இருவர் முகத்திலும் குரலிலும் அந்த ஆண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒப்பனைக்காரர் வரைந்த நரை இல்லை. பழைய துள்ளல் மூன்றாம் பாகத்தின் எழுத்தில் எல்லா இடத்திலும் இல்லை என்பது என் கணிப்பு. ஆனாலும் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையை நான் முழுவதும் நம்பினேன். புதுமணத் தம்பதி ஜெயிப்பதற்காகச் சண்டை போடுகிறார்கள். இவர்கள் எதிராளி அடுத்து என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டே சண்டை போடுகிறார்கள். பிடிவாதம் அதேதான், வேகம்தான் வேறு. அப்படி வளர்வது நான் பார்த்த எத்தனையோ வீடுகளில் நடப்பது.

இதில் சேனல்காரர்களுக்கும் தளங்களை நடத்துகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. வாரம் அரை மணி நேரம், ஒரே இயக்குநர், ஒரே எழுத்துக் குழு, நடுவில் ஆள் மாற்றாத நடிகர்கள். ஆயிரம் எபிசோடு வேண்டாம், ஐம்பது போதும். தேவன் அதற்குள் சாம்புவை முழுதாகக் காட்டிவிட்டார். நடிகர்களுக்குத் தமிழில் என்றுமே பஞ்சமில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் நகரத்துக் குடும்பத்தின் கதையும் ஓடும். பயராபீஸ் வேனில் தினமும் ஒன்றாகப் போய்வரும் பத்துப் பெண்களை வைத்து எழுதினால் இன்னும் நன்றாக ஓடும். அந்தப் பத்துப் பேரில் யார் எதற்குக் கோபப்படுவாள், எவ்வளவு நாளில் சமாதானமாவாள் என்பதை முதல் எபிசோடு எடுப்பதற்கு முன்பே யாராவது ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டு எடுங்கள்.